தென்காசிக் கடைவீடுகள்: முகப்பும் முற்றமும்

தென்காசி காசிவிசுவநாதர் கோயிலைச் சுற்றியுள்ள சன்னதி பஜார், ரத வீதிகள், மாசி வீதிகள், கூலக்கடை பஜார் ஆகிய தெருக்களில் முன்பக்கம் கடையும் பின்பக்கம் வீடுமாக ஒரே கூரையின் கீழ் கட்டப்பட்ட பழைய கட்டடங்கள் இன்னும் சில எஞ்சியுள்ளன. இக்கட்டுரையில் அவற்றைக் ‘கடைவீடு’ என்று குறிப்பிடுகிறேன். ஊரில் அவற்றுக்குத் தனிப்பெயர் கிடையாது. ‘முன்னால கடை இருக்குல்லா, அந்த வீடு’ என்று கையைக் காட்டுவார்கள். பெயர் இல்லாத பொருளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை என்பதற்கு இந்தக் கட்டடங்களே சாட்சி.

தென்காசி பற்றிய எந்தக் கட்டுரையை எடுத்தாலும் கோபுரத்தின் உயரம் இருக்கும். குற்றாலத்து அருவிகளின் பெயர்ப் பட்டியல் இருக்கும். 2019 நவம்பர் 22 அன்று தனி மாவட்டமானது இருக்கும். கோபுரத்தின் நிழலில் தலைமுறை தலைமுறையாக வியாபாரம் செய்து, சமைத்து, பிள்ளை பெற்று வாழ்ந்த தெருக்களைப் பற்றி ஒரு வரி இருக்காது. அபூர்வமாக யாராவது எழுதினாலும் தேக்குத் தூண், சித்திர வேலைப்பாடுள்ள நிலைக்கதவு, பித்தளைக் குமிழ் என்று முகப்பில் நின்றுவிடுகிறார்கள். கடைவீட்டின் கட்டடக்கலை அதன் முகப்பில் இல்லை, வாசலிலிருந்து புறவாசல் வரை ஓடும் அதன் நீளத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. முகப்பை மட்டும் பார்க்கிறவர்கள் எதைப் பாராட்ட வேண்டும், எதற்காக வருத்தப்பட வேண்டும் என்ற இரண்டிலுமே தவறிவிடுகிறார்கள்.

கோபுரமும் கடைத்தெருவும்

காசிவிசுவநாதர் கோயில் 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியனால் எழுப்பப்பட்டது. கோயிலைக் கட்டியதோடு அந்த மன்னன் நிற்கவில்லை. பிற்காலத்தில் இக்கோயிலுக்குச் சிதைவு வந்தால் அதைச் சரிசெய்து காப்பவர்கள் யாராக இருந்தாலும் அவர்களின் காலில் இப்போதே விழுந்து வணங்குகிறேன் என்ற பொருளில் கல்வெட்டும் பொறித்து வைத்தான். கட்டுவதைவிடப் பேணுவது கடினம் என்று தெரிந்தவன்.

அவன் பயந்தது போலவே நடந்தது. கோபுரம் பிற்காலத்தில் சிதைந்து மேல்நிலைகளை இழந்தது. என் பள்ளி நாட்களில் அது மொட்டைக் கோபுரம். இன்று நாம் நிமிர்ந்து பார்க்கும் நிலைகள் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுப்பப்பட்டு 1990இல் குடமுழுக்கு கண்டவை. அப்படியானால் ‘பழமையான கோபுரம், அதைச் சுற்றிலும் சாதாரணக் கடைகள்’ என்று எழுதும்போது எது பழையது, எது புதியது என்று சற்று நின்று யோசிக்க வேண்டும். 1904இல் திருநெல்வேலியிலிருந்து தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லம் வரை ரயில் ஓடத் தொடங்கிய காலத்தை ஒட்டிக் கட்டப்பட்ட ஒரு கடைவீடு, அதற்கு நேர் மேலே தெரியும் கோபுர உச்சியைவிட வயதில் மூத்ததாக இருக்கலாம். கோபுரத்தின் அடிநிலைக் கல் பழையது, மேல்நிலை புதியது என்று பிரித்துச் சொல்லும் நாம், தெருவுக்கும் அதே கவனத்தைக் கொடுத்ததில்லை.

கூலக்கடை பஜார் என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். கூலம் என்றால் தானியம். சிலப்பதிகார மதுரையில் கூலவீதி உண்டு என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அந்தச் சொல்லைப் பேச்சுவழக்கில் கேட்பது அரிது. தென்காசியில் ஆட்டோக்காரர் சொல்வார்.

ஒரு கடைவீட்டின் உள்ளே

தெருவிலிருந்து தொடங்குவோம். முதலில் சாக்கடை, அதன்மேல் பாலம் போலக் கிடத்திய கருங்கல் பட்டியக்கல். அதைத் தாண்டினால் இடுப்புயரத் திண்ணை. திண்ணைக்கு மேல் தாழ்ந்து இறங்கும் ஓட்டுச் சாய்ப்பு. திண்ணையை ஒட்டிக் கடை. கடைக்கு இரட்டைக்கதவு கிடையாது. மேலும் கீழும் பள்ளம் வெட்டிய உத்திரத்தில் ஒவ்வொன்றாகச் சொருகும் பலகைகள்தான் கதவு. காலையில் அவற்றைக் கழற்றி ஓரமாகச் சாய்த்துவிட்டால் கடையின் முழு அகலமும் தெருவுக்குத் திறந்துவிடும். இரவில் வரிசை மாறாமல் சொருகி, கடைசிப் பலகையில் குறுக்குக் கம்பி போட்டுப் பூட்டுவார்கள். வரிசை மாறினால் சேராது என்பதால் பலகைகளில் எண் போட்டிருக்கும்.

கடையின் பக்கவாட்டில் ஒரு ஆள் நடக்கும் அளவுக்கு ஒடுக்கமான நடை. வீட்டுக்குப் போகிறவர் கடைக்குள் நுழைய வேண்டியதில்லை. நடையின் முடிவில் பட்டாசல் என்னும் கூடம். ஊஞ்சல், சாமி படம், கல்யாணப் பேச்சு, கணக்கு நோட்டு எல்லாம் இங்கேதான். பட்டாசலை ஒட்டி அரங்கு என்ற இருட்டறை. நெல், பாத்திரம், நகை எல்லாம் அதற்குள். மேலே மச்சு. கடைச் சரக்கு மழையில் நனையாமல் இருக்க வேண்டும் என்றால் மச்சுதான் கிட்டங்கி. பட்டாசலுக்கு அடுத்து வானம் பார்த்த முற்றம். அதைச் சுற்றித் தாழ்வாரம். பிறகு இரண்டாம் கட்டு, அடுக்களை, கிணறு, தொழுவம், கடைசியில் பின் சந்துக்குத் திறக்கும் புறவாசல்.

தெருமுகம் பத்துப் பதினைந்து அடி. நீளம் அதைப்போலப் பல மடங்கு. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டோடு பொதுச்சுவர். அதனால் பக்கச்சுவரில் சன்னல் வைக்க வழியே இல்லை. வெளிச்சமும் காற்றும் வர மிஞ்சுவது மூன்றே இடங்கள்: தெருப்பக்கம், முற்றம், புறவாசல். முன்வாசல் கதவு, நடை, பட்டாசல் வாசல், முற்றம், பின்கட்டு வாசல், புறவாசல் ஆகிய எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தெருவில் நின்றால் கொல்லையில் காயும் துணி தெரியும். சாஸ்திரம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதில் சாஸ்திரம் எவ்வளவோ, மூச்சு விடும் வழி அதைவிட அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது.

கூரை இரண்டு வகை. முன்னும் பின்னும் ஓடு. சில வீடுகளில் நடுப்பகுதிக்கு மட்டப்பா: மரக்கட்டைகளை நெருக்கமாகப் பரப்பி, அவற்றின்மேல் மெல்லிய செங்கல்லைச் சாய்வாக நிறுத்தி அடுக்கி, சுண்ணாம்புக் காரை கொட்டி, நாள் கணக்கில் கட்டையால் தட்டி இறுக்கி, மேலே தட்டோடு பதிப்பது. ஓட்டில் பழைய வீடுகளுக்கு நாட்டு ஓடு. குயவர் சக்கரத்தில் செய்து இரண்டாகப் பிளந்தது. பிறகு சீமை ஓடு என்றும் மங்களூர் ஓடு என்றும் சொல்லும் தட்டையான ஓடு வந்தது. மங்களூரில் பாசல் மிஷன் 1865இல் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பிறகு மேற்குக் கரை முழுவதும் பரவிய தொழில் இது. பழைய வீடு இடிக்கப்படும்போது கீழே குவிந்திருக்கும் ஓடுகளில் ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கத்தில் தொழிற்சாலையின் பெயரும் ஊரும் புடைத்து நிற்கும். கல்வெட்டுப் படிக்கத் தெரியாதவரும் படிக்கக்கூடிய கல்வெட்டு அது.

மரத்துக்குப் பஞ்சமில்லை. மேற்கே அரைமணி நேரத்தில் மலை. செங்கோட்டைக்குப் பக்கத்துப் பிரானூரில் மர அறுவை ஆலைகளின் இரைச்சல் இன்றும் கேட்கிறது. தேக்கு வாங்க முடியாதவர்கள் வேங்கையும் அயினியும் போட்டார்கள். செட்டிநாட்டு வீடுகளை அளவுகோலாக வைத்துக்கொண்டு இங்கே வருகிறவர்கள் ஏமாந்துபோவதற்குக் காரணம் இதுதான். பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் ஆத்தங்குடிக் கல்லும் இங்கே தேடக் கூடாது. அவை கடல் கடந்து சம்பாதித்தவர்கள் ஊரில் வந்து கட்டியவை. தங்கள் செல்வத்தைப் பிறர் காணக் கட்டியவை. தென்காசிக் கடைவீடு பலசரக்கும் ஜவுளியும் பாத்திரமும் விற்றவர்கள் கட்டியது. கல்லாப்பெட்டியில் உட்கார்ந்தபடியே அடுப்படியில் பிள்ளை அழுவதைக் கேட்க வேண்டும் என்பது அவர்களின் தேவை. அந்தத் தேவைக்கு எவ்வளவு சரியாகக் கட்டினார்கள் என்பதுதான் கேள்வியே தவிர, எவ்வளவு ஆடம்பரமாகக் கட்டினார்கள் என்பது அல்ல.

காற்றுக்கும் சாரலுக்கும்

மேற்குத் தொடர்ச்சி மலை தென்காசிக்கு மேற்கே ஓர் இடத்தில் தாழ்ந்து வழிவிடுகிறது. ஆரியங்காவு வழியாகச் செல்லும் அந்தச் செங்கோட்டைக் கணவாய், பாலக்காடு, ஆரல்வாய்மொழி போலத் தென்மேற்குக் காற்று தமிழ்நாட்டுக்குள் நுழையும் பெரிய வழிகளுள் ஒன்று. சுரண்டைப் பக்கம் காற்றாலைகள் நிற்பது அதனால்தான். ஜூன் தொடங்கினால் காற்றும் சாரலும் சேர்ந்து வரும். சாரல் மேலிருந்து விழாது, பக்கவாட்டில் வரும். குடை பயன்படாது. கோயில் கோபுர வாசலில் நுழையும்போது எதிரே வந்து முகத்தில் அறையும் காற்றைத் தென்காசிக்கு வந்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள்.

இந்தக் காற்றுக்குக் கடைவீடு சொல்லும் பதில் தாழ்ந்த சாய்ப்பு. புதிதாக வருகிறவர் தலையை இடித்துக்கொள்ளும் அளவுக்கு இறங்கும் ஓடு, சாரலைத் திண்ணையோடு நிறுத்திவிடுகிறது. மேற்குப் பார்த்த கடைகளில் சாய்ப்பு மேலும் தாழ்ந்திருக்கும். போதாததற்குச் சாக்குப் படுதாவும் தொங்கும். உள்ளே நுழைந்த காற்று நடை வழியாக ஓடி முற்றத்தில் மேலே எழும்பிப் போய்விடும். காற்றில்லாத சித்திரை வெயிலில் முற்றத்துச் சூடு மேலே எழும்போது தெருப்பக்கத்து நிழற்காற்றை உள்ளே இழுக்கும். மின்விசிறி வருவதற்கு முன்பு கட்டிய வீட்டில் மத்தியானம் பட்டாசல் தரையில் படுத்துத் தூங்க முடிந்ததற்கு இதுவே காரணம்.

முற்றத்தை அடைத்துவிட்டால் இந்த ஏற்பாடு முழுவதும் நின்றுவிடும். ஒரு வாசலை மட்டும் திறந்து வைத்த புட்டி போல ஆகிவிடும் வீடு.

லட்லோவிலிருந்து ஒரு பார்வை

கடையும் வீடுமாகச் சேர்ந்த, ஒடுக்கமான முகமும் நீண்ட உடலும் கொண்ட கட்டடம் நமக்கு மட்டும் உரியது அல்ல. சந்தை கூடும் ஊர்களில் தெருமுகம்தான் விலை உயர்ந்தது. ஆகவே அதை எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கிட்டு, ஆழத்தை நீட்டிக்கொள்வார்கள். இங்கிலாந்தில் ஷ்ராப்ஷயர் பகுதியில் உள்ள லட்லோ இப்படிப்பட்ட சந்தை ஊர். கோட்டையை ஒட்டி இடைக்காலத்தில் வகுக்கப்பட்ட நீண்ட மனைகள், தெருவில் கடை, மேலே குடியிருப்பு, பின்னால் பட்டறையும் தோட்டமும். இந்த மனைப்பிரிவு இன்றும் அந்த ஊரின் தெருக்களில் தெரிகிறது. மரச்சட்டக முகப்புக்குப் பெயர்பெற்ற அங்குள்ள ஃபெதர்ஸ் விடுதி 1619இல் கட்டப்பட்டது.

லட்லோவிலிருந்து நாம் கற்க வேண்டியது மரவேலைப்பாடு அல்ல. அங்கே 18ஆம் நூற்றாண்டில் செங்கல் முகப்பு நாகரிகமானபோது, பலர் தங்கள் பழைய மரச்சட்டக வீட்டை இடிக்காமல், முன்னால் மட்டும் புதிய செங்கல் முகப்பை ஒட்டிக்கொண்டார்கள். வெளியே பார்த்தால் ஒரு காலம், உள்ளே போனால் இன்னொரு காலம். முகம் மாறியது, உடல் தொடர்ந்தது. இன்று அந்த இரண்டையுமே வரலாறு என்று மதிக்கிறார்கள்.

இந்த உதாரணத்தால் என் எண்ணம் ஒன்று மாறியது. ரத வீதியில் ஒரு கடை பலகைகளைக் கழற்றி எறிந்துவிட்டு இரும்பு ஷட்டர் போட்டால், அல்லது பெரிய பெயர்ப்பலகையால் சாய்ப்பை மறைத்தால், முன்பெல்லாம் ‘போச்சு’ என்று வருந்துவேன். இப்போது அவ்வளவு வருந்துவதில்லை. பெயர்ப்பலகையை நாளைக்கே கழற்றலாம். ஷட்டருக்குப் பின்னால் பட்டாசலும் முற்றமும் இருந்தால் வீடு உயிரோடுதான் இருக்கிறது. மாறாக, முகப்பை அழகாக வைத்துக்கொண்டு, தூணுக்கு வார்னிஷ் அடித்து, முற்றத்துக்குமேல் கான்கிரீட் போட்டு, பின்கட்டை இடித்து லாட்ஜ் அறைகள் கட்டினால், அதைப் ‘பாரம்பரியம் காத்தவர்’ என்று பாராட்டுகிறோம். அங்கே காக்கப்பட்டது தெருவில் நின்று புகைப்படம் எடுப்பதற்கான பத்தடி மட்டும்தான்.

இங்கிலாந்தின் செஸ்டர் நகரத்தையும் சொல்ல வேண்டும். அங்கே கடைகளின் முன்னால் மாடி உயரத்தில் கூரையிட்ட நடைபாதை தெரு நெடுக ஓடுகிறது. இடைக்காலத்திலிருந்து தொடர்வது. கட்டடம் தனியாருடையது, நடக்கும் உரிமை ஊராருடையது. படத்தில் பார்த்ததும் எனக்கு நம் திண்ணைதான் நினைவுக்கு வந்தது. ஒரு வித்தியாசம் உண்டு. அதற்கு வருகிறேன்.

திண்ணை யாருக்கு?

திண்ணையைப் பற்றி எழுதுகிற எல்லோரும் வழிப்போக்கர் படுத்துறங்கிய கதையைச் சொல்வார்கள். சொல்லட்டும், பொய்யில்லை. குற்றாலத்துக்கு நடந்து போனவர்கள் தென்காசித் திண்ணைகளில் இரவு தங்கியதை என் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் எல்லா வழிப்போக்கரும் எல்லாத் திண்ணையிலும் படுக்க முடிந்ததா என்று கேட்டால் பாட்டி பேச்சை மாற்றிவிடுவாள். சரக்கு மூட்டையை மச்சு வரை சுமந்து சென்றவர் அதே திண்ணையில் உட்கார்ந்து இளைப்பாற முடியாத வீடுகள் இருந்தன. அவர் தெருவில் நின்றபடிதான் கூலி வாங்கினார். செஸ்டர் நடைபாதையில் நடப்பது உரிமை; இங்கே திண்ணையில் உட்காருவது தயவு, அதுவும் ஆள் பார்த்து.

வீட்டுப் பெண்களின் இடமும் அப்படித்தான். முன்பாதி ஆண்களின் வியாபார உலகம். பெண்கள் பட்டாசல் வாசலுக்கு முன்னால் வருவது அரிது. அவர்களுக்கு முற்றமும் கிணற்றடியும் புறவாசலும். பின் சந்துக்கு ஒரு தனி வாழ்க்கை இருந்தது. உப்புக்காரி, கீரைக்காரி, பக்கத்து வீட்டுச் செய்தி எல்லாம் அந்த வழியாகத்தான் வரும். நான் மேலே புகழ்ந்த நேர்கோட்டு வாசல்களின் இரு முனைகளிலும் இரண்டு வெவ்வேறு உலகங்கள் இருந்தன என்பதை மறைத்து எழுதினால் அது விமரிசனம் ஆகாது. பழைய வீட்டைக் காக்க வேண்டும் என்பதற்காக அதில் வாழ்ந்த முறையையும் சேர்த்துக் காக்க வேண்டியதில்லை.

முற்றத்தை மூடியவர்களில் நானும் ஒருவன்

1998இல் எங்கள் வீட்டு முற்றத்தை மூடினேன். காரணங்கள் எல்லாம் நியாயமானவைதான். குரங்குத் தொல்லை (குற்றாலத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்), திருட்டுப் பயம், மூத்த மகளுக்கு ஒரு படிப்பறை. ஒரு பொறியாளர் வந்து பார்த்தார். ‘நடுவுல இவ்வளவு எடம் சும்மா கெடக்கே சார்’ என்றார். எனக்கும் அது சும்மா கிடப்பதாகவே பட்டது. கான்கிரீட் போட்டோம். அந்த வருடச் சாரலில் துணி காயவில்லை. பட்டாசல் சுவரில் பூஞ்சை ஏறியது. பகல் பதினோரு மணிக்கு விளக்குப் போட வேண்டி வந்தது. சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளுக்குள்ளேயே அரித்துப் பூச்சு பாளம் பாளமாக உதிரும் என்பதையும் அப்போதுதான் கற்றேன். பி.எட். படிப்பில் இதையெல்லாம் சொல்லித் தரவில்லை.

என் கதையை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தக் கட்டடங்கள் அழிவதற்கு ‘மக்களுக்கு அருமை தெரியவில்லை’ என்று ஒரே வரியில் பழி போடுவது வழக்கமாகிவிட்டது. அருமை தெரிந்தவர்களும் இடிக்கிறார்கள். பாகப்பிரிவினை முதற்காரணம். நான்கு சகோதரர்கள் என்றால் நீளமான வீட்டைக் குறுக்கே வெட்டினால் பின்பங்குக்காரருக்குத் தெருவாசல் கிடையாது. நெடுக்கே வெட்டினால் ஆளுக்கு நான்கடி முகம்கூடத் தேறாது. இரண்டும் ஆகாது என்று விற்றுப் பணமாகப் பிரித்துக்கொள்வார்கள். அடுத்தது வாடகை. பழைய வாடகைதாரர் சொற்ப வாடகையில் தொடர்வார். வீட்டுக்காரர் ஓடு மாற்றக்கூட மனம் வைக்க மாட்டார். கோயில் மனையில் தரைவாடகைக்கு நிற்கும் கட்டடங்களின் சிக்கல் வேறு. இவற்றோடு சாலை. பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே மீண்டும் மீண்டும் தார் போட்டதில் தெரு உயர்ந்துகொண்டே வந்து, இடுப்புயரத் திண்ணை முழங்கால் உயரமாகி, சில வீடுகளில் படியிறங்கிக் கடைக்குள் போக வேண்டிய நிலை. ஐப்பசி மழையில் தண்ணீர் யாரைக் கேட்டு உள்ளே வரும்? ஓடு பிரிப்பவரும் மட்டப்பா தட்டுபவரும் கிடைக்காததைச் சொல்லவே வேண்டாம்.

குற்றாலமும் செங்கோட்டையும்

தென்காசியிலிருந்து மேற்கே ஐந்து கிலோமீட்டரில் குற்றாலம். அங்குள்ள பழைய கட்டடங்களின் இயல்பு வேறு. அவை பெரும்பாலும் வந்து தங்கிப் போகிறவர்களுக்காகக் கட்டியவை. கம்பெனி காலத்து வெள்ளை அதிகாரிகள் கோடைக்கு வந்த நாளிலிருந்து பங்களாக்கள் எழுந்தன. பிறகு ஜமீன்தார்கள். திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் அரண்மனை இன்றும் கேரள அரசின் வசம் இருக்கிறது. நான்கு புறமும் அகன்ற தாழ்வாரம், தோட்டத்தின் நடுவே தனித்து நிற்கும் கட்டடம்: இது கடைவீட்டுக்கு நேர் எதிர். பங்களாவுக்கு நான்கு பக்கமும் காற்று இலவசம். கடைவீடு அதைச் சம்பாதிக்க வேண்டியிருந்தது. கட்டடக்கலை என்ற வகையில் எனக்குக் கடைவீட்டின் மீதுதான் மதிப்பு அதிகம்.

குற்றாலத்தில் நான் விதிவிலக்காகக் கருதுவது சித்திர சபை. ஐந்து சபைகளுள் ஒன்று. உட்சுவர்கள் முழுவதும் ஓவியம். அதன் சரிந்த கூரையைப் பார்க்கிறவர்களுக்கு, சாரல் நாட்டுக் கோயிலும் வீடும் ஒரே மழைக்குத்தான் கட்டப்பட்டன என்பது புரியும். அருவிக்கரைக் கடைகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சீசனுக்குத் தகரமும் தார்ப்பாயும் போட்டுக் கட்டி, சீசன் முடிந்ததும் பிரிப்பவை.

ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் (1882–1954) கடைசிக் காலத்தில் குற்றாலத்தில் வாழ்ந்தார் என்பதை இலக்கிய மாணவர்கள் அறிவார்கள். அவர் திருநெல்வேலி வண்ணாரப்பேட்டை வீட்டில் கூட்டிய இலக்கியக் கூட்டத்துக்கு ‘வட்டத்தொட்டி’ என்று பெயர் வந்தது எப்படி? அந்த வீட்டு நடுமுற்றத்துத் தொட்டிக்கட்டு வட்டமாக இருந்தது. அதைச் சுற்றி உட்கார்ந்து பேசினார்கள். தமிழ் இலக்கிய வரலாற்றில் ஒரு முற்றம் தன் பெயரை விட்டுச் சென்றிருக்கிறது. ‘சும்மா கெடக்கே’ என்று அதற்கும் யாராவது கான்கிரீட் போட்டிருந்தால் கூட்டம் எங்கே கூடியிருக்கும் என்று சில சமயம் நினைத்துப் பார்ப்பேன்.

செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பகுதி. அந்த ஊர்ப் பழைய வீடுகளில் மரம் கூடுதல், கூரைச் சாய்வு செங்குத்து. தென்காசியிலிருந்து சைக்கிளில் போனால் வழியிலேயே கூரைகள் நிமிர்ந்துகொண்டு வருவதைப் பார்க்கலாம். மாநில எல்லை இடம் மாறியது. மழையின் எல்லை மாறவில்லை.

சட்டத்தில் தெருவுக்கு இடம்

இங்கிலாந்தில் 1947ஆம் ஆண்டின் ஊரமைப்புச் சட்டம் குறிப்பிடத்தக்க கட்டடங்களைப் பட்டியலிட வழி செய்தது. 1967இல் இன்னொரு சட்டம் ஒரு படி மேலே போய், தனிக் கட்டடத்தை மட்டுமல்லாமல் ஒரு தெருவையோ பகுதியையோ முழுவதுமாகக் காக்க இடம் கொடுத்தது. சாதாரணக் கடைகளின் வரிசைக்கு அங்கே மதிப்புக் கிடைத்தது இதனால்தான். நம் நாட்டில் 1958ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும் 1966ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டமும் தொன்மைச் சின்னங்களுக்கானவை. கோயில், கோட்டை, குகை, கல்வெட்டு அவற்றின் பார்வைக்குள் வரும். மளிகைக் கடை வராது. 2012இல் தமிழ்நாடு சட்டமன்றம் மரபுசார் ஆணையத்துக்கான சட்டத்தை நிறைவேற்றியது. நல்ல சட்டம்தான். ஆனால் பட்டியலில் ஏற வேண்டுமானால் முதலில் எழுதியும் அளந்தும் வைத்த பதிவு வேண்டும். தென்காசிக் கடைவீடு எதற்கும் அப்படி ஒரு வரைபடத்தை நான் பார்த்ததில்லை.

கடைவீட்டைப் பதிவு செய்ய முன்வரும் மாணவர்கள் தெருவிலிருந்து முகப்பைப் படம் எடுத்துவிட்டுத் திரும்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டு உள்ளே போங்கள். பெரும்பாலும் காபி கொடுத்து அனுமதிப்பார்கள். வாசலிலிருந்து புறவாசல் வரை நாடாவைப் பிடித்து அளந்து, எங்கே கூரை முடிந்து வானம் தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். முற்றம் மூடியிருந்தால் எந்த ஆண்டு, என்ன காரணத்துக்காக மூடினார்கள் என்று கேளுங்கள். அதுவும் அந்தக் கட்டடத்தின் வரலாறுதான். வீட்டில் வயதான பெண் இருந்தால் பின்கட்டைப் பற்றி அவரிடம் கேளுங்கள், ஆண்களுக்குத் தெரியாது.

இங்கிலாந்தின் பழைய மரச்சட்டக வீடுகளில் தச்சர்கள் சட்டங்களில் உளியால் ரோமன் எண்களைக் கீறி வைத்திருப்பார்கள். பட்டறையில் பொருத்திப் பார்த்து, பிரித்து எடுத்துவந்து, மனையில் வரிசை மாறாமல் மீண்டும் பூட்டுவதற்காக. சன்னதி பஜாரில் இன்னும் பலகை சொருகிச் சாத்தும் ஒரு கடையில் போன மாதம் நின்றிருந்தேன். பதினொரு பலகைகள். ஒன்று முதல் பத்து வரை தமிழ் எண்கள், ௧, ௨, ௩ என்று உளியால் வெட்டியவை. பதினோராவது பலகை எப்போதோ மக்கிப்போய், அதற்குப் பதிலாக ஒட்டுப்பலகை. அதில் நீலச் சாயத்தில் 11 என்று எழுதியிருந்தது. கடைப்பையனிடம் மற்ற பலகைகளில் இருப்பது என்ன என்று கேட்டேன். ‘ஏதோ டிசைன் சார்’ என்றான். ஆனால் ஒன்றுகூட வரிசை மாறாமல் சொருகினான்.